ஒன்றும் குறையில்லை என்று எழுதிய தாள்

எனக்கு மூலம் என்று முதலில் சொன்னது மருத்துவர் இல்லை, இன்னொரு டிரைவர். நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஓட்டுகிறவன் நான். கழிப்பறையில் ரத்தம் பார்த்த அன்று, பூச்சந்தை வாசலில் டீ குடிக்கும்போது மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "அட, நாள் பூரா இஞ்சின் சூட்டுல உக்காந்திருக்கோம், நமக்கு வராம யாருக்கு வரும்? மோரைக் குடி. சின்ன வெங்காயத்தைப் பச்சையாத் தின்னு" என்றார் அவர். சுற்றி நின்ற டிரைவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் ரத்தம் போயிருக்கிறதாம். எங்கள் தொழிலில் அதை யாரும் நோயில் சேர்ப்பதில்லை.

எட்டு மாதம் மோர் குடித்தேன். அதற்கு மேல் தாங்காமல், மூலம் பௌத்திரம் என்று போர்டு மாட்டிய ஓர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆள் என் முகத்தைப் பார்த்தே சூரணம் கொடுத்தார். பார்க்க வேண்டிய இடம் முகம் இல்லையே என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் வேட்டியை அவிழ்க்கச் சொல்லவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது. இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்போது ரத்தம் போய்க்கொண்டிருந்தால், அந்த வெட்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். மோரை வந்து குடித்துக்கொள்ளலாம்.

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடும் அளவுக்கு இளைத்த பிறகு, என் அண்ணன்தான் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் கையுறை மாட்டி, விரலை விட்டுப் பார்த்தார். அரை நிமிடம் இருக்கும். "இம்புட்டு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். மோர் குடித்ததை நான் சொல்லவில்லை.

மதுரைக்கு அனுப்பினார். அங்கே கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைக் கீழ்வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பது), பயாப்ஸி (சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன். மலக்குடல் புற்றுநோய் என்றார்கள் (குடலின் கடைசிச் சாண் நீளத்தில் வரும் புற்று). கதிர்வீச்சும் மாத்திரைகளும் முடிந்து, ஆடி மாதம் ஆபரேஷன். கட்டி மிகவும் கீழே இருந்ததால் மலவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்து மூடிவிட்டார்கள். வயிற்றின் இடது பக்கத்தில் ஸ்டோமா வைத்தார்கள் (குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து அமைக்கும் வாய்). அதன் மேல் ஒரு பை ஒட்டப்பட்டிருக்கும். இனிச் சாகும்வரை அதுதான் வழி. அதற்குத் திறக்கவும் மூடவும் தசை கிடையாது. வரும்போது வரும். சத்தம் போடுவதும் அதன் இஷ்டம்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அப்பா போன பிறகு என்னை வளர்த்ததே அவர்தான். கதிர்வீச்சு நடந்த அத்தனை நாளும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். ஆபரேஷன் முடிந்து நான் கண்விழித்தபோது என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் இந்தக் கட்டுரையில் எனக்கு அவர்மேல்தான் கோபம்.

எனக்கு ரிசல்ட் வருவதற்கு மூன்று வாரம் முன்புதான் என் மகள் தேன்மொழியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். அவள் பி.எட். முடிக்கட்டும், அடுத்த தையில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அண்ணன் சொல்லிவிட்டார். "வெளிய யாரு கேட்டாலும் மூலத்துக்கு ஆபரேசன். வேற வார்த்தை வாயில வரக் கூடாது. புள்ள வாழ்க்கை." நான் எட்டு மாதம் நம்பிய பொய்யை இப்போது குடும்பமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது.

புரட்டாசியில், தையல் ஆறியிருக்கிறதா என்று காட்டப் போனோம். டாக்டர் பார்த்து முடித்ததும், தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஒரு சின்ன அறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தார். என் மகளைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். கையில் ஒரு தாள். புற்றுநோய் வந்தவருக்குக் கட்டியைத் தாண்டி வேறு என்னென்ன தேவை இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கான தாள் அது. உடம்பு, மனசு, வீடு, வேலை என்று பகுதி பகுதியாகக் கேள்விகள். எதிரே ஆம், இல்லை என்று கட்டங்கள்.

எதிரில் இருந்தது ஒரே நாற்காலி. தைத்த இடம் வலித்ததால் என்னால் உட்கார முடியவில்லை. அண்ணன் உட்கார்ந்தார், நான் சுவரோரம் நின்றேன். ஆலோசகர் யாரைப் பார்த்துப் பேசுவார்? உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"பையைச் சுத்தித் தோல் எரிச்சல் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அண்ணன். சட்டைக்குள் எனக்குத் தோல் வெந்துகொண்டிருந்தது.

"சாப்பாடு, தூக்கம்?"

"ராசா மாதிரி பாத்துக்கிறோம்மா. நேரத்துக்குச் சோறு, தெனம் ஒரு வெஞ்சனம். ஒரு குறையும் கெடையாது."

"வெளிய போறது, வாரது, விசேசங்களுக்குப் போறது, இதுல எதுவும் சிரமம்?"

"நாங்க எதுக்கும்மா இருக்கோம்?"

தாம்பத்தியம் பற்றி ஒரு கேள்வி வந்தது. அண்ணன் சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கும்மா" என்று அவரே முடித்துவைத்தார். கூடப் பிறந்த மூத்தவர் முன்னால் அதற்கு எந்த ஆண்பிள்ளை பதில் சொல்வான்?

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெளி ஆள் முன்னால் எனக்கு இது இல்லை, அது இல்லை என்று வாயைத் திறந்தால், என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிற வீட்டைக் குறை சொன்னதாக ஆகிவிடும். அண்ணனுக்கு அந்தத் தாள் ஒரு பரீட்சைத் தாள். தம்பியை எப்படி வைத்திருக்கிறாய் என்று ஆஸ்பத்திரி தன்னைக் கேட்பதாகவே அவர் நினைத்தார். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று சொல்லிப் பாஸானார். நானும் வாய்க்குள் எதையோ போட்டு மென்றதுபோல நின்றுவிட்டு, தாளின் கீழே கையெழுத்துப் போட்டேன். பின்பக்கம், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவருக்கு என்று ஒரு பகுதி இருந்தது. என் மனைவி செல்வி வீட்டில் இருந்தாள். அது காலியாகவே போனது.

பிறகு வந்த மாதங்களை நான் எப்படி ஓட்டினேன் என்று சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தராததால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளியே போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிட மாட்டேன். உள்ளே போகாவிட்டால் வெளியே வராது, அவ்வளவுதான் கணக்கு. மார்கழியில் பக்கத்து ஓட்டங்களுக்கு மட்டும் வேனை எடுத்தேன். பின்னால் மூட்டை மூட்டையாக மல்லிகை. நானோ சட்டைக் காலரை இழுத்து இழுத்து என்னையே மோந்துகொண்டிருந்தேன். கிறுக்குப் பிடித்தவன் மாதிரி இருந்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அண்ணன் வந்தார். மதினியும் கூட வந்திருந்தார். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மணவறையில் உட்கார்ந்து, பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவனுக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வேலை கிடையாது. அவள் பிறந்த அன்றே எனக்கு அந்த ஆசை வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, சாமி, தை வரைக்கும் விடு என்றுதான் கும்பிட்டேன்.

"அப்பு, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத" என்று அண்ணன் ஆரம்பித்தார். "அக்கினி முன்னாடி உக்காரணும். மந்திரம் சொல்லையில அது சத்தம் கித்தம் போட்டுச்சுன்னா? சம்பந்தி வீட்டு ஆளுக பக்கத்துலயே இருப்பாக. வாடை வந்தா என்னான்னு கேப்பாக. நானும் ஒங்க மதினியும் உக்காந்துக்கிறோம். எனக்கும் ரெண்டும் பயலுகளாப் போச்சு. பொண்ணைத் தாரை வாக்கலையேங்கிற குறையும் எனக்குத் தீந்தாப்புல இருக்கும்."

சரிண்ணே என்றேன். அவர் சொன்னதில் எது பொய்? அந்தப் பயம் அவருக்கு முன்பே எனக்கு வந்திருந்தது.

அவர்கள் போன பிறகு தேன்மொழி அழுதாள். "நீங்க உக்காரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்றாள். "போடி, வேலையப் பாரு" என்று அதட்டி அனுப்பினேன். செல்வி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள். "ஒங்களுக்குத்தான் வயித்துல பை. எனக்கு என்ன கேடு? நான் எதுக்கு எறங்கி நிக்கணும்?"

பெற்றவனும் பெற்றவளும் சேர்ந்துதான் உட்கார முடியும். எனக்கு இடம் இல்லை என்றால் அவளுக்கும் இல்லை. அந்த நிமிடம் வரை எனக்கு இது உறைக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிற்றைத் தவிர வேறு எதையும் நான் நினைத்திருக்கவில்லை.

திண்டுக்கல்லில் மண்டபம். ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் பச்சைத் தண்ணீரோடு இருந்தேன். வேட்டியை உயர்த்திக் கட்டி, சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, சாமான் அறை வாசல் தூணை ஒட்டி நின்றேன். சம்பந்தியம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, மேடைக்கு வராம இங்க நிக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். "தம்பிக்கு மூல ஆபரேசன் பண்ணுன ஒடம்புங்க. சம்மணம் போட்டு உக்கார முடியாது."

"அதுக்கென்னங்க, ஒரு சேர் போட்டா ஆச்சுங்களே. பெத்தவரு இல்லாமயா?" என்றார் அந்த அம்மா. அண்ணன் சிரித்து மழுப்பினார். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மகள்மேல் பாசம் இல்லை என்று நினைத்திருப்பார்.

அண்ணன் மணவறையில் உட்கார்ந்தார். தேன்மொழி தலையை நிமிர்த்தி மண்டபம் முழுக்க என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மதினி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். செல்வி கீழே, சொந்தக்காரர்களோடு ஒருத்தியாக, கையில் அட்சதையோடு நின்றாள்.

அந்த ஒன்றரை மணி நேரமும் என் பை ஒரு சத்தமும் போடவில்லை. சட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். காகிதம் மாதிரி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. நான் உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சாமான் அறைக்குள் போய், வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

சித்திரையில் மறுபடியும் மதுரை. அண்ணனுக்கு முட்டி வலி, நான் தனியாகப் போனேன். அதே அறை, அதே ஆலோசகர், அதே தாள். இப்போது உட்கார என்னால் முடிந்தது.

"ஏதாச்சும் கஷ்டம் இருக்காங்கய்யா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். பழக்கம் அப்படி வந்து நிற்கிறது.

அவர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார். வரிசையாக இல்லை, இல்லை. என்ன தோன்றியதோ, தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "வெளிய போற அன்னைக்குப் பையை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"முந்தின நாள்ல இருந்து சாப்பிட மாட்டேம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து, என்னை அதே தாழ்வாரத்தில் மூன்று அறை தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஸ்டோமா நர்ஸ் ஒருவர் இருந்தார் (பையை மாட்டவும் தோலைப் பராமரிக்கவும் சொல்லிக்கொடுப்பவர்). வெந்துபோன தோலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். உள்ளே போய் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, எனக்கு இரிகேஷன் ஒத்துவரும் என்றார் (வயிற்றில் உள்ள வாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல விட்டுக் குடலைக் கழுவுவது). எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டர் சொன்னால்தான் செய்ய வேண்டும். குடல் பழகிவிட்டால், காலையில் ஒரு மணி நேரம் கழுவினால் மறுநாள் காலை வரை பெரும்பாலும் ஒன்றும் வராதாம்.

"ஒரு நாள் பூராவுமா?"

"பழகிட்டா ஒரு நாள் பூராவும்ங்கய்யா. கல்யாணம் காச்சின்னு எங்க வேணா போயிட்டு வரலாம்."

அந்த வார்த்தையைத்தான் அவர் சொல்ல வேண்டுமா! "இது எப்ப வந்த வைத்தியம்?" என்று கேட்டேன். இப்போதுதான் வந்தது என்று சொல்லிவிட மாட்டாரா என்று மனது அடித்துக்கொண்டது.

"ரொம்ப வருசமா இருக்கே. போன தடவையே தாள்ல ஒரு இடத்துல ஆமான்னு டிக் பண்ணியிருந்தா அன்னைக்கே இங்க அனுப்பியிருப்பாங்க. பொங்கலுக்குள்ள பழகியிருப்பீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நர்ஸை விட்டுவிட்டு, கூடவே நின்ற ஆலோசகரிடம் கத்தினேன். "எங்கண்ணனை உக்கார வச்சு என்னைப் பத்திக் கேட்டீங்களே, அவருக்கா பை வச்சிருக்கு? செத்த நேரம் அவரை வெளிய அனுப்பிட்டு என்கிட்டக் கேட்டா என்ன?" தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்து நின்றார். "வெளிய இன்னும் அம்புட்டுப் பேர் ஒக்காந்திருந்தாங்கய்யா" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அன்றும் வரிசை வாசல் வரை நின்றிருந்தது. அதற்காக என் கோபம் குறையவில்லை.

ஆவணியில் செல்வியையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணனும் வழக்கம்போலக் கிளம்பி வந்தார். ஆலோசகர் என் பெயரைக் கூப்பிட்டதும் அவர் முதல் ஆளாக எழுந்தார்.

"அண்ணே, நீங்க செத்த வெளிய இருங்க" என்றேன்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாக அவரிடம் அப்படிப் பேசினேன். "நான் என்னப்பா தப்பாச் சொல்லிப்புட்டேன்?" என்றார். கதவைச் சாத்தினேன். கதவுக் கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். மடியில் என் மருந்துப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாளில் வரிசையாக ஆம் போட்டேன். எரிச்சல், ஆம். பயம், ஆம். தூக்கமின்மை, ஆம். செல்வி பக்கத்தில் இருந்ததால் தாம்பத்தியத்துக்கும் ஆம் என்றேன். அவள் குனிந்துகொண்டாள், ஆனால் மறுக்கவில்லை. பிறகு ஆலோசகர் தாளைத் திருப்பி, அவளைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா தேவை?" என்று கேட்டார்.

செல்வி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எம்மகளுக்கு நான் தண்ணி ஊத்தணும். அதைக் கொடுக்க முடியுமா ஒங்களால?"

ஆலோசகர் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை. "இதை நான் எங்க அனுப்புறதுன்னு தெரியலம்மா" என்றார். கடைசியில் 'மற்றவை' என்று இருந்த கோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு தாளை நீட்டுவார்கள். வீட்டு மானத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். கூட வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது என் நாள், பின்கட்டில் ஒரு முக்காலியில் தொடங்குகிறது. ஆணியில் தண்ணீர்ப் பை தொங்கும். நான் வயிற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சிவந்த வாய் முன்பு யாரோ என்மேல் ஒட்டவைத்த பொருள் மாதிரி இருந்தது. இப்போது அது என் உடம்புதான், சொன்னபடி கேட்கிறது. கழுவி முடித்து, சின்ன மூடி ஒன்றை ஒட்டிக்கொண்டு எழுந்தால், மறுநாள் காலை வரை கவலை இல்லை. சாப்பிடுகிறேன். வேன் ஓட்டுகிறேன். காலரை மோந்து பார்ப்பதில்லை. தினமும் முழுதாக ஒரு நாள் என் கையில் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றரை மணி நேரம்.